வட்டம் கடையும் லேத்தில் நீள்வளையம்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை மரக்கடைசல். வந்திருக்கும் கேள்விகள் கோடரிப் பிடியில் தொடங்கிப் படச்சட்டம் வரை போகின்றன. ஆனால் எல்லாமே ஓர் உருவத்தைத்தான் சுற்றுகின்றன: நீள்வளையம். இந்தியப் புத்தகங்களில் நீள்வட்டம் என்று இருப்பதும் இதுவே.

கேள்வி (ஹட்டன்): நான் கடையும் கைக்கோடரிப் பிடி உருண்டையாக வருகிறது. ஓங்கும்போது கைக்குள் சுழல்கிறது. கடையில் விற்கும் பிடி தட்டையான முட்டை வடிவில் இருக்கிறது. சாதாரண லேத்தில் அப்படிக் கடைய வழி உண்டா?

பதில்: உண்டு. தனி இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரே கட்டையை மூன்று மையங்களில் மாற்றி மாற்றி ஏற்றினால் போதும். கிடைப்பது கணிதப்படி சுத்தமான நீள்வளையம் அல்ல, நான்கு வட்ட வில்கள் சேர்ந்த வடிவம். ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டால் பிழை ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும், கைக்குத் தெரியாது.

அகலம் 40 மி.மீ., தடிப்பு 28 மி.மீ. உள்ள 350 மி.மீ. நீளப் பிடியை எடுத்துக்கொள்வோம். மரம் காய்ந்த டர்பன்டைன் (மலைநாட்டு யூகலிப்டஸ்) என்றால் நல்லது. 55 மி.மீ. சதுரக் கட்டையை 400 மி.மீ. நீளத்தில் வெட்டுங்கள். இரு முனையிலும் 25 மி.மீ. கழிவுத் துண்டு, கடைசியில் அறுத்து எறிய. முதலில் வழக்கமான நடு மையத்தில் ஏற்றி, கழிவு முனைகளை 50 மி.மீ. விட்டத்துக்கும் நடுப்பகுதியை 40 மி.மீ. விட்டத்துக்கும் உருட்டிக் கொள்ளுங்கள்.

கட்டையைக் கழற்றுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உளி தாங்கியின் மேல்விளிம்பைப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பென்சில் கோடு இழுங்கள். பிறகு அந்தக் கோட்டை இரு முனை முகங்களிலும் நடு மையத்தின் ஊடாக நீட்டுங்கள். இரண்டு முகத்துக் கோடுகளும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். சில பாகை பிசகினாலும் பிடி முறுக்கிய கயிறு போல வரும், பிறகு அதைத் திருத்த வழியில்லை.

இனிக் கணக்கு. அரை அகலம் 20, அரைத் தடிப்பு 14. இருபதை வர்க்கித்து 14ஆல் வகுத்தால் 28.6. அதிலிருந்து 14ஐக் கழித்துப் பாதியாக்கினால் 7.3. மையத்தை இவ்வளவு விலக்கினால் இரண்டு பக்க வில்களும் சரியாக ஓரத்தில் சந்தித்து வில்லை வடிவம் தரும். ஆனால் சந்திக்கும் இடத்தில் 140 பாகை கொண்ட முனை நிற்கும், உள்ளங்கையில் உறுத்தும். ஆகவே கிடைத்த விலகலோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்: ஏறத்தாழ 10 மி.மீ. இப்போது பக்கங்களின் வில் ஆரை 10 + 14 = 24 மி.மீ. பக்கங்கள் சற்றுத் தட்டையாகும், ஓரங்களில் முதலில் உருட்டிய வட்டமே கொஞ்சம் மீந்து நின்று முனையை மழுக்கும். 36க்கு 26 பிடி வேண்டுமென்றாலும் இதே வழிதான். விலகல் 8 மி.மீ. வரும்.

முனை முகக் கோட்டில் நடுவிலிருந்து இருபுறமும் 10 மி.மீ. தள்ளிப் புள்ளி குத்தி, ஒரு பக்கத்துக்கு 1, மறுபக்கத்துக்கு 2 என்று எழுதுங்கள். இரு முனையிலும் 1 ஒரே பக்கத்தில்தான் இருக்கவேண்டும். 1இல் ஏற்றிக் கடையும்போது உளி தின்பது 2 இருக்கும் பக்கத்தை, ஏனெனில் சுழலும் மையத்துக்குத் தூரமாக இருப்பது அதுதான். அகலத்தை விட்டுத் தடிப்பை மட்டும் கலிப்பரால் பாருங்கள். 40 இருந்தது 34 ஆனதும் நிறுத்துங்கள். 2இல் ஏற்றி 34ஐ 28 ஆக்குங்கள். கணக்குச் சரியாக இருந்தால் இரண்டு ஓரத்திலும் பழைய வட்டப் பரப்பு ஏறத்தாழ 7.6 மி.மீ. அகலமான பட்டையாக மீதம் நிற்கும். பட்டை ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் ஒடுங்கியும் இருந்தால் புள்ளிகளில் ஒன்று இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். பட்டையின் விளிம்புகள் உண்மையான நீள்வளையத்தைவிட 0.4 மி.மீ. அளவே வெளியே நிற்கின்றன. லேத்தை நிறுத்திவிட்டு அரத்தாலும், 80, 120, 180 இலக்க சேண்ட் பேப்பராலும் நீளவாக்கில் தேய்த்தால் முடிந்தது. ஓடவிட்டுத் தேய்க்காதீர்கள், பேப்பர் ஓரங்களை மட்டும் தின்னும்.

இன்னொரு வசதி. தலைப்பக்கம் உருண்டையாக இருந்து கைப்பக்கம் போகப்போக முட்டையாக மாறவேண்டும் என்றால், கைப்பக்க முனையில் மட்டும் மையத்தை விலக்குங்கள். மறுமுனை நடு மையத்திலேயே நிற்கட்டும். விலகல் நீளத்தோடு நேர்கோடாகக் குறையும்: ஒரு முனையில் 10 என்றால் நடுவில் 5, மறுமுனையில் பூச்சியம். சுத்தியல் பிடிக்கு இது மிகவும் பொருத்தம்.

கேள்வி (தலவாக்கலை): மையத்தை விலக்கி ஏற்றியதும் லேத் மேசையோடு சேர்ந்து ஆடுகிறது. ஒருமுறை கட்டை முனை பிளந்து பறந்தது. என்ன தவறு?

பதில்: வேகமும் முள்ளும். 0.3 கிலோ கட்டை 10 மி.மீ. விலகி நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால், ஒவ்வொரு சுற்றிலும் தண்டை ஏறத்தாழ 12 நியூட்டன் இழுக்கும், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை. இழுப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 1800 சுற்றில் அது ஒன்பது மடங்கு. பத்துக் கிலோவுக்கு மேல், திசை மாறி மாறி. எந்த மேசையும் ஆடும். 500, 600இல் தொடங்குங்கள். கூர்மையான உளியும் மெல்லிய வெட்டும் இருந்தால் அதற்கு மேல் தேவையே வராது.

பிளப்புக்குக் காரணம் பெரும்பாலும், கட்டை முனையில் குத்தி அதைச் சுழற்றும் ஓட்டும் முள்ளின் அகலம். 25 மி.மீ. முள்ளை 40 மி.மீ. கட்டையில் 10 மி.மீ. விலக்கிக் குத்தினால் முள்ளின் பல் விளிம்புக்கு வெளியே போகிறது. ஆப்பு அடிப்பதும் அதுவும் ஒன்றுதான். 15, 16 மி.மீ. முள்ளைப் பயன்படுத்துங்கள். மேலே சொன்ன 50 மி.மீ. கழிவு முனையை விடுவதும் இதற்காகத்தான். பல்லுக்கு வெளியே 7 மி.மீ. மரம் நிற்கும். உளி தாங்கியை அச்சிலிருந்து 40 மி.மீ. தள்ளி வையுங்கள், கழிவு முனை 35 மி.மீ. ஆரையில் சுற்றும். சுவிட்ச் போடுமுன் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஓடும்போது கட்டையைச் சுற்றி மங்கலான நிழல் தெரியும். மரம் அங்கேயும் இருக்கிறது. விரல் அதற்குள் போகக்கூடாது.

கேள்வி (பண்டாரவளை): உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். நீள்வளையச் சக் (லேத்தில் மரத்தைப் பிடித்துச் சுழற்றும் பிடிப்பு) என்று ஒன்று உண்டாம், உளி அசையாமல் நிற்க மரத்தில் சரியான நீள்வளையம் விழுமாம். எப்படி? மாணவர்களுக்குக் காட்ட நிறுவல் வேண்டும்.

பதில்: இந்தச் சக் ஐரோப்பியக் கடைசல்காரர்களிடம் நூற்றாண்டுகளாக இருக்கிறது. கடைசலையே பொருளாக எடுத்து ஷார்ல் ப்ளூமியே எழுதிய பிரெஞ்சு நூல் 1701இல் வெளிவந்தது. நிறுவல் மிக எளிது, வகுப்பில் ஒரு பாடவேளைக்குள் முடியும்.

முதலில் பாகங்கள். லேத் தண்டில் ஒரு முகத்தட்டு. அதன் குறுக்கே ஒரு தவாளிப்பில் வழுக்கி ஓடும் பலகை. மரம் பூட்டப்படுவது இந்தப் பலகையில். லேத்தின் தலைப்பகுதியில், சுழலாமல், தண்டைச் சுற்றி ஒரு வளையம் பொருத்தப்பட்டிருக்கும். வளையத்தின் மையம் தண்டின் மையத்திலிருந்து கிடையாக ஒரு விலகல் தள்ளி நிற்கும். வழுக்கும் பலகையின் பின்புறத்தில் இரண்டு இணையான தாடைகள் வளையத்தை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும். தட்டுச் சுழலும்போது தாடைகள் வளையத்தை விட்டு நீங்க முடியாது. ஆகவே பலகை முன்னும் பின்னும் வழுக்கும்.

தண்டு கோ என்னும் கோணம் திரும்பியபோது பலகை எவ்வளவு வழுக்கியிருக்கும்? விலகலை வி என்போம். வழுக்கும் திசையில் அதன் கூறு வி × கோசைன் கோ. பலகையின் நகர்வு அதுவே. உளி, தண்டின் மையத்திலிருந்து தூ தூரத்தில், அதே கிடைக்கோட்டில், வளையம் விலகியிருப்பதற்கு எதிர்ப்பக்கம் நிற்கட்டும். இப்போது லேத்தை மறந்து, மரத்தின் மேல் உட்கார்ந்து உளியைப் பாருங்கள். குறிகளை விட்டுவிட்டால்,

வழுக்கும் திசையில் ஆள்கூறு = (தூ + வி) × கோசைன் கோ
அதற்குச் செங்குத்தாக = தூ × சைன் கோ

இரண்டையும் வகுத்து, வர்க்கித்து, கூட்டினால் நீள்வளையச் சமன்பாடு. அரைப்பேரச்சு தூ + வி, அரைச்சிற்றச்சு தூ. இன்னும் அழகாகச் சொன்னால், ஓர் அரை அச்சு உளிக்கும் தண்டு மையத்துக்கும் உள்ள தூரம், மற்றது உளிக்கும் வளைய மையத்துக்கும் உள்ள தூரம். கரும்பலகையில் இரண்டு புள்ளியும் ஒரு உளியும் வரைந்தால் முழுச் சக்கும் அதற்குள் இருக்கிறது. உளியை வளையம் விலகிய அதே பக்கத்தில் வைத்தால் கூட்டலுக்குப் பதில் கழித்தல் வரும், நீள்பக்கம் குறுக்கே திரும்பும்.

மாணவர்கள் கவனிக்கவேண்டியது: உளியை உள்ளே நகர்த்தினாலும் வெளியே நகர்த்தினாலும் இரண்டு அரை அச்சுகளின் வித்தியாசம் வி ஆகவே இருக்கும். விகிதம் மாறிக்கொண்டே போகும். ஒரே சக்கில் விழும் கோடுகள் ஒன்றுக்கொன்று வடிவொத்தவையும் அல்ல, ஒரே குவியங்களைக் கொண்டவையும் அல்ல. இதைத் தவறாக நினைப்பவர்கள்தான் சட்டம் கடையும்போது தடுமாறுகிறார்கள்.

கேள்வி (கண்டி): அப்படிப்பட்ட சக் ஒன்றை நானே பலகையில் செய்தேன். வெளியளவு 300க்கு 220 மி.மீ. படச்சட்டம். மூன்று குறை: உள்வாய் வெளியைவிட ஒடுங்கித் தெரிகிறது, சட்டத்தில் சிறு படி விழுகிறது, அதே சக்கில் கடைந்த ஒரு மூடியில் போட்ட அலங்காரக் கோடு சாய்ந்திருக்கிறது.

பதில்: முதலாவது குறையே அல்ல. அரை அச்சுகள் 150, 110. உங்கள் விலகல் 40. சட்டத்தின் அகலம் 30 என்றால் உள்வாய் 240க்கு 160. வெளி விகிதம் 1.36, உள் விகிதம் 1.5, அதனால் ஒடுங்கித் தெரிகிறது. அகலம் நான்கு முனைகளிலும் சமமாக இருக்கவேண்டுமானால் இதுதான் வரும். இடைப்பட்ட இடங்களில் அகலம் சற்றே குறையும். எவ்வளவு என்றால், 150ஐயும் 110ஐயும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரட்டித்து, 260ஆல் வகுங்கள்: 0.988. முப்பது மில்லிமீற்றர் அகலத்தில் 0.4 மி.மீ.கூட இல்லை. ஆனால் 300க்கு 150 போன்ற நீண்ட சட்டத்தில் இது 0.943 ஆகும், 40 மி.மீ. அகலம் 37.7க்கு இறங்கும். நல்ல கண் அதைப் பிடித்துவிடும்.

படிக்குக் காரணம் தாடைக்கும் வளையத்துக்கும் இடையிலான இடைவெளி. அது 0.2 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. படி எங்கே விழுகிறது என்று பாருங்கள். மெதுவாக ஓட்டும்போது, பலகை திசை மாறும் இடமாகிய நீள் முனைகளில் விழும். வேகமாக ஓட்டும்போது பலகையின் சடத்துவமே மேலோங்கி, சிற்றச்சின் முனைகளில், அதாவது நீண்ட பக்கங்களின் நடுவில் விழும். நடுவில் விழுந்தால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். இந்தச் சக்கில் மரத்தின் மையம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வட்டமடிக்கிறது, ஆகவே அதிர்வு சாதாரண விலகலைப்போல் இரு மடங்கு. பலகையும் மரமும் சேர்ந்து 2 கிலோ என்றால், 40 மி.மீ. விலகலில் 200 சுற்றுக்கு 70 நியூட்டன், 400 சுற்றுக்கு 280. இருநூறைத் தாண்டாதீர்கள். தாடையில் தேயாத கடின மரமோ நைலோனோ வைத்துக் கிறீஸ் பூசுங்கள். வளையத்தின் உள்விட்டம் போதுமா என்றும் பாருங்கள்: தண்டின் தடிப்பு 50 மி.மீ. என்றால் 40 விலகலுக்கு 130க்கு மேல் வேண்டும், 140 வைத்தால் நிம்மதி.

கோடு சாய்வது உளியின் உயரத்தால். மேலே சொன்ன நிறுவல் உளி முனை மைய உயரத்தில் நின்றால்தான் செல்லும். 3 மி.மீ. ஏறினாலோ இறங்கினாலோ விழுவது நீள்வளையம்தான், அச்சுகளின் வித்தியாசமும் மாறாது, ஆனால் முழு உருவமும் திரும்பிவிடும். வெளிக்கோட்டில் 0.66 பாகை, தண்டு மையத்திலிருந்து 80 மி.மீ. தூரத்தில் விழும் உள்கோட்டில் 0.86 பாகை. பத்து மி.மீ. தூரத்தில் விழும் சிறு அலங்காரக் கோட்டில் ஏறத்தாழ 3 பாகை. உள்ளே போகப்போகச் சாய்வு கூடுவதால்தான் உங்கள் மூடியில் பளிச்சென்று தெரிகிறது. உளி தாங்கியை உளியின் தடிப்பளவு தாழ்த்தி, வெட்டுமுனை மைய உயரத்தில் நிற்கிறதா என்று வால் பக்கத்துக் கூரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பிடியை ஏற்றி இறக்காதீர்கள். குழியுளியை விட்டுச் சுரண்டுளியை எடுங்கள்: இந்தச் சட்டத்தின் வெளிவிளிம்பில் உளியைச் சந்திக்கும் பரப்பு ஒரு சுற்றுக்குள் இருபுறமும் 9 பாகை வரை ஆடுகிறது. குழியுளியின் சரிவு அதில் தங்காது, கடித்துவிடும்.

சட்டத்துக்குத் தேயிலை நிழல் மரமான சவுக்கு (சில்வர் ஓக்) பலகை அழகான ரேகை தரும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும். முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போடுங்கள்.

கேள்வி (பதுளை): கடையுமுன் பலகையில் நீள்வளையத்தைக் குறிப்பது எப்படி? சுற்றிலும் பித்தளைப் பட்டி ஒட்ட நீளம் எவ்வளவு வாங்குவது?

பதில்: இரண்டு ஆணியும் நூலும் போதும். மேலே உள்ள சட்டத்துக்கே செய்வோம். 150இன் வர்க்கத்திலிருந்து 110இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 102. நடுவிலிருந்து இருபுறமும் 102 மி.மீ. தள்ளி ஆணி. நூல் வளையத்தின் முழுச் சுற்று 300 + 204 = 504 மி.மீ. பருத்தி நூல் இழுபடும், மீன்பிடி நூல் நல்லது.

சுற்றளவுக்குச் சுத்தமான எளிய சூத்திரம் கிடையாது. 1914இல் இராமானுஜன் வெளியிட்ட அண்ணளவு பட்டறைக்கு வேண்டியதைவிட நுட்பமானது. அரை அச்சுகளின் கூட்டுத்தொகையின் மும்மடங்கு: 780. பெரியதின் மும்மடங்கோடு சிறியது 560, சிறியதின் மும்மடங்கோடு பெரியது 480. இவற்றின் பெருக்கத்தின் வர்க்கமூலம் 518.5. கழித்தால் 261.5. அதைப் பை (π) மதிப்பால் பெருக்கினால் 821.6 மி.மீ. பட்டி 850 வாங்குங்கள்.

கேள்வி (மாத்தளை): கடைந்த பொருளுக்கு லேத்தில் ஓடவிட்டே அரக்குப் பூசுகிறோம். முட்டை வடிவத்துக்கும் அப்படிப் பூசலாமா?

பதில்: மையம் மாற்றிக் கடைந்ததற்கு முடியாது. அரக்குக் குச்சி உராய்வுச் சூட்டில் உருகித்தான் ஒட்டுகிறது. முட்டை வடிவம் நடு மையத்தில் ஓடும்போது குச்சி ஓரங்களை மட்டுமே தொடும், அங்கே தடித்துப் பக்கங்களில் வெறுமையாகும். உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு விடை இருக்கிறது: ஹபுவிடவின் நியபொத்து வேலை. சூடாக்கிய அரக்கை நூலாக இழுத்து நகத்தால் பதிக்கும் அந்த முறைக்குப் பொருள் சுழலவே வேண்டியதில்லை.

கேள்வி (மஸ்கெலியா): 35 பாகை சாய்ந்த படிக்கட்டுக் கைப்பிடிக்குள் 40 மி.மீ. உருண்டைக் கம்பு நுழைகிறது. இடைவெளியை மூட மரவளையம் கடையவேண்டும். அளவு என்ன?

பதில்: உள்துளை 40க்கு 48.8. நாற்பதை 35 பாகையின் கோசைனால் வகுத்தது அது. உள்துளையைக் கடையவேண்டாம், துண்டை 35 பாகை ஆப்பின் மேல் வைத்து 40 மி.மீ. துளை போடுங்கள், நீள்வளையம் தானாக வரும். வெளிவிளிம்பை மட்டும் சக்கில் 4.4 மி.மீ. விலகலில் கடைந்தால் நான்கு முனைகளிலும் அகலம் சமமாக நிற்கும்.

கேள்வி (நுவரெலியா): வெட்டிய கையோடு பச்சை மரத்தில் 200 மி.மீ. கிண்ணம் வட்டமாகக் கடைந்தேன். இரண்டு மாதத்தில் முட்டையாகிவிட்டது. இதுவும் நீள்வளையம்தானா? மறுபடி வட்டமாக்கலாமா?

பதில்: ஏறத்தாழ நீள்வளையமேதான். மரம் நார் ஓடும் திசையில் சுருங்குவது 0.1, 0.2 வீதம். குறுக்கே, வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில், பல வீதம். ஒரு வட்டத்தை ஒரு திசையில் மட்டும் சீராகச் சுருக்கினால் கிடைப்பது நீள்வளையம். குறுக்கே 8 வீதம் சுருங்கியதென்றால் 200க்கு 184.

மறுபடி வட்டமாக்கலாமா என்பது முதலில் விட்ட சுவரின் தடிப்பைப் பொறுத்தது. வெளியே இனிக் கிடைக்கும் மிகப்பெரிய வட்டம் 184. சுவர் 10 மி.மீ. விட்டிருந்தால் உள்வாய் நார் திசையில் இன்னும் 180 இருக்கும். மிஞ்சும் சுவர் 2 மி.மீ.; கைவிடவேண்டியதுதான். 20 விட்டிருந்தால் உள்வாய் 160, சுவர் 12. தாராளமாக முடிக்கலாம். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் விடவேண்டும் என்று கடைசல்காரர்கள் சொல்வதற்குக் கணக்கு இதுதான்.

அடுத்த கிண்ணத்தை அப்படிக் கடைந்து, காகிதப் பையில் போட்டு, மரத்தூளுக்குள் புதைத்து வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் இருப்பதால், அந்த மாதங்களில் எடை இறங்காமல் நிற்பதைக் கண்டு காய்ந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். வெயில் வாரங்களில் மறுபடி இறங்கும். சனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் தொடர்ந்து மூன்று வாரம் ஒரே எடை காட்டினால் லேத்தில் ஏற்றலாம்.